சொல்லிவிட்டுப் பறிக்கிற மிருகம்

இரும்புதின்னி நங்கூரத் தெருவுக்குள் வந்தது ஒரு திங்கட்கிழமை மத்தியானம், தூத்துக்குடியே சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கொஞ்சம் கண்ணசருகிற நேரத்தில், காற்று திசை மாறிக் கடலிலிருந்து உப்போடு வீசத் தொடங்குகிற நேரத்தில். கன்றுக்குட்டி உயரம், பலாப்பழத் தோலைப் போல முள்முள்ளாய் முதுகு, நெற்றியிலிருந்து நீண்டு காற்றில் அலைகிற இரண்டு மீசைகள், இவற்றோடு அது யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் சாக்கடை ஓரமாகவே நடந்து வந்தது. நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன, எழுந்து குரைக்க அலுப்புப்பட்டு மறுபடி படுத்துக்கொண்டன. வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள், அது மிதித்துவிடக் கூடாதே என்று ஓலைப்பாயைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அது எங்கேயிருந்து வந்தது என்று தெருவில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. துறைமுக ஊரில் எது வந்துதான் இறங்கவில்லை, கப்பலில் ஏறி வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ஆனால் மாடி ஜன்னலில் நின்று அதைப் பார்த்த பெர்க்மான்ஸுக்கு மட்டும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவனுக்கு அது யார் என்று தெரியும். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, அதே மாடியில், அதை அவிழ்த்துவிட்டவனே அவன்தான்.

பெர்க்மான்ஸ் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவன், நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன், அதைப் பற்றிக் கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுகிறவன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் அவன் வீட்டு மாடியில் ஓர் ஆட்டம் நடக்கும். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ திருடனாகவோ வாயாலேயே வாழ்கிற ஆட்டம். பெர்க்மான்ஸ் கதையை நடத்துவான். காடு, குகை, பேய், பூதம் எல்லாம் அவன் பொறுப்பு. "நான் கதவை உடைக்கேன்" என்று ஒருவர் சொன்னால் உடையுமா உடையாதா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். மருந்துக்கடை வியாகுலமேரி அக்கா அங்கே மந்திரக்காரி. இரும்புக்கடை மொகுதூம் அங்கே கவசம் போட்ட தளபதி. பட்டறையில் படகு எஞ்சின்களுக்கு இரும்புத் தண்டு கடைந்து கொடுக்கிற ரெஜீஸ் அண்ணன் அங்கே தாண்டவராயன் என்கிற முரட்டு வீரன். அவர் கையில் ஓர் இரும்பு வாள், அதற்குப் பெயர் மூத்தவள்.

அந்தப் பெயரை வைத்து அவருடைய மனைவி கிளாடிஸை எல்லாரும் கேலி செய்வார்கள். அவளும் விடமாட்டாள். ஆட்டம் முடியும் நேரத்துக்கு மாடியேறி வந்து நின்றுகொண்டு, "என்னங்க, மூத்தவ விட்டுட்டாளா? ரெண்டாந்தாரம் ஒருத்தி சோறு வச்சிட்டுக் காத்துக் கெடக்கேன்" என்பாள். அவர் காதைச் சொறிந்துகொண்டே எழுந்து போவார்.

இரும்புதின்னி என்பது அந்த ஆட்டத்தில் வருகிற ஒரு மிருகம். ஆளை ஒன்றும் செய்யாது, கையிலிருக்கிற இரும்பை மீசையால் தொடும், தொட்ட இரும்பு செந்தூளாக உதிரும், அதைத் தின்றுவிட்டுப் போய்விடும். ஆட்டம் தொடங்கின புதிதில் பெர்க்மான்ஸ் சின்னப்பிள்ளை ஆசையில் அதைத் திடீரென்று ஒரு மூலையிலிருந்து பாயவிட்டு, மொகுதூம் மாதக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த கவசத்தைத் தின்ன வைத்துவிட்டான். மொகுதூமுக்கு வந்தது பாருங்கள் கோபம், நிஜக் கடையில் நிஜ இரும்பை விற்கிற மனுஷன், இல்லாத கவசத்துக்காக ரொம்ப நாள் பெர்க்மான்ஸ் வீட்டு டீயைக் கையால் தொடவில்லை. அப்போது ரெஜீஸ் அண்ணன்தான் நடுவில் புகுந்து ஒரு நியாயம் பேசிவைத்தார்.

"அடிச்சு ரத்தம் வந்தா ஆறிடும் பெர்க்கு. ஒருத்தன் ஆசையா வச்சிருக்கிற பொருளைப் பறிக்கிறது அப்படி இல்ல. பறிக்கணும்னா பறி, நான் வேண்டாங்கல. ஆனா வாரதுக்கு முன்னால அதோட வாடை வரணும், சுவடு தெரியணும். வேண்டாம்னு நெனைக்கிறவன் பொருளைத் தூக்கிட்டு ஒதுங்க ஒரு வழி விடணும். தின்னுட்டுப் போற இடத்துல வெறுங்கையா விட்டுட்டுப் போகக் கூடாது, ஏதாவது ஒண்ணு மிச்சம் வைக்கணும்."

அன்றிலிருந்து அந்த மேசைக்கு அதுவே சட்டம். சண்டை தீர்ந்த சந்தோஷத்தில் அண்ணன் பட்டறையில் மிச்சம் கிடந்த இரும்பில் இருபது முகம் வைத்து ஒரு பகடை கடைந்து, ஒவ்வொரு முகத்திலும் ஓர் எண் குழித்து, குழியில் பித்தளை அடைத்துப் பெர்க்மான்ஸுக்குக் கொடுத்தார். பிறகு அந்த மேசையில் பெர்க்மான்ஸ் வேறு பகடையைத் தொட்டதில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு: ஆட்டத்தில் யாருடைய ஆளாவது செத்துப்போனால், அந்த ஆளுக்கென்று ஒரு டம்ளர் டீ ஊற்றி மேசையில் வைத்து, அது ஆறும்வரை யாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

போன கார்த்திகையில் ரெஜீஸ் அண்ணன் பட்டறையில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார். குழாயை மூடக்கூட நேரம் கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்த பிறகு, பெர்க்மான்ஸ்தான் கிளாடிஸ் வீட்டுக்குப் போய் நின்றான். "மதினி, தாண்டவராயனை நீங்க ஆடுங்க. அண்ணன் நாற்காலி சும்மா கெடக்கக் கூடாது" என்றான். அவள் வந்தாள். அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணனுக்குப் போடுகிற மாதிரியே மூன்று கரண்டி சீனி போட்டு அவன் கொடுத்த டீயைக் குடித்து, தாண்டவராயன் எப்படிப் பேசுவான் என்று அவர்கள் சொல்லச் சொல்ல அப்படியே பேசினாள். "எதுக்க நிக்கிறவன் எவனா இருந்தா எனக்கென்னல" என்று அவள் முதல்முறை சொன்ன அன்று, வியாகுலமேரி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெர்க்மான்ஸுக்கோ உடம்பு சிலிர்த்துப்போனது. பிறகு வாரம் முழுவதும் அவன் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே காத்திருந்தான். அண்ணன் செத்துப்போன துக்கம் மற்றவர்களுக்கெல்லாம் இருந்தது, அவனுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் வந்துகொண்டிருந்தார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. கதையில் எல்லாரும் ஒரு பாழடைந்த சுரங்கத்தின் வாயில் நிற்கிறார்கள். உள்ளே போகலாமா என்று பெர்க்மான்ஸ் கேட்கிறான். கிளாடிஸ் டம்ளரை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "தாண்டவராயன் களைச்சுப் போயிட்டான். ஊருக்குப் போகணும்ங்கான்."

"அண்ணன் அப்படிச் சொல்லமாட்டாரே மதினி."

"அவரு சொல்லமாட்டாருதான். இது தாண்டவராயன் சொல்லுதான்."

பெர்க்மான்ஸுக்கு என்ன வந்ததோ. வாளைப் பிடித்துக்கொண்டு இவள் எத்தனை காலம் அழுதுகொண்டிருப்பாள், அது போனால்தான் தேறுவாள், இவள் நல்லதுக்குத்தான் என்று அந்த நொடியில் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, இரும்புப் பகடையை எடுத்து உருட்டினான். சுரங்க வாயின் கூரையிலிருந்து இரும்புதின்னி விழுந்தது. வாடை வரவில்லை, சுவடு காட்டவில்லை, ஒதுங்க வழி விடவில்லை. மூத்தவள் செந்தூளாக உதிர்ந்தாள், தூளையும் காற்று கொண்டுபோனது என்றான்.

மொகுதூம்தான் மெதுவாக, "சுவடு எங்க மக்கா?" என்று கேட்டான். கிளாடிஸ் எழுந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்து அங்கே வைத்திருந்த தன் டம்ளரைக் கொண்டுபோய்க் கழுவினாள், துடைத்தாள், கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மறுநாள் மத்தியானம் இரும்புதின்னி தெருவுக்குள் வந்தது.

வந்த மிருகம் தன்னை அவிழ்த்துவிட்டவனைவிட நாகரிகமாக நடந்துகொண்டது, அதுதான் பெர்க்மான்ஸால் தாங்க முடியாததாக இருந்தது. அது ஒரு வீட்டுக்கு வருவதாக இருந்தால், முதல் நாளே அந்த வீட்டில் ஈர ஆணியை நாக்கில் வைத்தாற்போல ஒரு வாடை வரும். அடுத்த நாள் விடிந்து பார்த்தால் வாசற்படியில் செந்தூளால் ஒரு கோடு விழுந்திருக்கும், உற்றுப் பார்த்தால் அது வீட்டுக்குள் இருக்கிற ஏதோ ஒரு பொருளின் உருவமாக இருக்கும். அதற்கு மறுநாள் மத்தியானம்தான் அது வரும். வந்து வாசலுக்கு வெளியே முன்னங்காலை மடித்து உட்காரும். வீட்டுக்காரர்கள் அந்தப் பொருளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், கொஞ்சமும் முகம் சுளிக்காமல் எழுந்து போய்விடும், அந்த வீட்டுக்கு மறுபடி வராது. வெளியே கொண்டுவந்து வைத்தால், வைத்தவர் கையை எடுக்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் தொடும். தின்று முடித்து, இரும்பல்லாததையெல்லாம், மரப்பிடியோ ரப்பரோ பித்தளையோ, ஒன்றுவிடாமல் படியில் அடுக்கி வைத்துவிட்டுப் போகும்.

முதலில் வந்தது எதிர்வீட்டு லில்லிபுஷ்பம் டீச்சரிடம். அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலி, யாருக்கும் கொடுக்கவும் மனசில்லாமல், பார்க்கவும் தெம்பில்லாமல், மாடிப்படிக்குக் கீழே போர்வை போர்த்திக் கிடந்தது. டீச்சர் அதைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள், பிரேக்கைப் போட்டாள், பழக்கதோஷத்தில் "விழுந்திராதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். பிறகு படியில் இருந்த இரண்டு ரப்பர் கைப்பிடிகளையும் மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை அழுதாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவள் நடை கொஞ்சம் லேசாயிருந்ததைத் தெரு முழுக்கப் பார்த்தது.

அதன்பிறகு தெருவே அதற்கென்று ஒரு மரியாதையை ஏற்படுத்திக்கொண்டது. ஒரு வீட்டு வாசலில் இரும்புதின்னி உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் யாரும் பார்க்கக் கூடாது; எதிர்வீட்டு ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும்; அது போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், என்ன வைத்தாய் என்று கேட்கக் கூடாது. பங்குச் சாமியார் ஒருநாள் தீர்த்தம் தெளித்துப் பார்த்தார், அது பேசாமல் நனைந்துகொண்டு நின்றது; சாமியாருக்கே பாவமாகப் போய் ஆசீர்வாதம் பண்ணிவிட்டுத் திரும்பினார். கவுன்சிலர் வந்து இதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, மறுநாளே தன் வீட்டில் வாடை வரவும் வாயை மூடிக்கொண்டார். வாசலில் கிடக்கிற செந்தூளைப் பெண்கள் கூட்டி அள்ளி முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போட்டார்கள், செடிகள் தழைத்தன.

மொகுதூம்தான் தன் இரும்புக்கடையை நினைத்துத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனால் அது கடையில் அடுக்கிக் கிடந்த கம்பியையும் தகட்டையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. யாரும் ஆசை வைக்காத இரும்பு அதற்கு ருசிக்காது என்பது தெருவுக்கு அப்போதுதான் புரிந்தது. மொகுதூமுக்கு அதில் ஒரு நிம்மதியும், சொல்லப்போனால் கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது.

"ஆயிரம் சாமான் வச்சிருக்கேன் மக்கா, ஒண்ணுகூடவா அதுக்குப் பிடிக்கல?" என்று பெர்க்மான்ஸிடம் வந்து குறைப்பட்டான்.

பெர்க்மான்ஸுக்கு அவன் பேச்சு காதில் ஏறவில்லை. அவன் கண் கிளாடிஸ் வீட்டு வாசலிலேயே இருந்தது. எப்படியும் அது அங்கே வரும் என்று அவன் கணக்குப் போட்டான். அண்ணனின் சைக்கிள் இருக்கிறது, பட்டறைச் சாமான் இருக்கிறது, அண்ணன் தொட்ட இரும்பு அந்த வீட்டில்தானே நிறைய இருக்கும். அது வருகிற அன்று மதினி பக்கத்தில் நான் நிற்க வேண்டும், நின்று சைக்கிளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், அத்தோடு கோபம் தணிந்து அவள் மறுபடி மாடியேறி வந்துவிடுவாள் என்று நினைத்தான். அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால் அண்ணன் ஒரேயடியாகப் போய்விடுவார். அவனுக்கு வேண்டியதெல்லாம் அவள் வந்து உட்கார்ந்து ஒருதரம், ஒரே ஒருதரம், அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

ஆனால் இரும்புதின்னி தினமும் கிளாடிஸ் வீட்டைக் கடந்து போயிற்றே தவிர ஒருநாளும் நிற்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் பெர்க்மான்ஸ் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். அவள் வாங்க தம்பி என்றாள், உட்காரச் சொன்னாள், அரிவாள்மணையை இழுத்துப்போட்டு மீன் நறுக்கிக்கொண்டே பேசினாள்.

"அது உங்க வீட்டுக்கு வரலையே மதினி?"

"என்னத்தைத் தின்ன வரும்? எங்கிட்ட என்ன இருக்கு?"

"அண்ணன் சைக்கிள்..."

"அதை மில்லுக்குப் போற ஜெசிந்தா மகளுக்குக் குடுத்து மாசக்கணக்காச்சு. பட்டறைச் சாமான் பட்டறைக்கே போயிட்டு. அழுதுக்கிட்டேதான் குடுத்தேன், ஆனா நானா குடுத்தேன்." ஒரு மீனின் செதிலை வழித்துவிட்டுத் தலை நிமிராமலே சொன்னாள், "கடைசியா அந்த வாள் ஒண்ணுதான் பாக்கி. இரும்புகூட இல்ல, வாய்ப்பேச்சு. அதையும் கீழ வைக்கணும்னுதான் அன்னைக்கு வந்தேன். ராத்திரியெல்லாம் யோசிச்சு, தாண்டவராயன் எங்க வைப்பான், எப்படிக் குனிவான், என்ன சொல்லிட்டு வைப்பான்னு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டு வந்தேன். வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க பிடுங்கிட்டிய."

"உங்க நல்லதுக்குத்தான் மதினி..." என்று தொடங்கினான் பெர்க்மான்ஸ்.

"உங்க நல்லதுக்குத்தான்னு சொல்லாதிய தம்பி" என்றாள் அவள். "நான் தேறணும்னு நீங்க பண்ணல. நான் தேறிட்டு வாரேன்னு தெரிஞ்சு பண்ணினிய. அவரு பேசாத பேச்சை நான் பேசினது உங்களுக்குப் பொறுக்கல. எனக்குப் புருஷன் போயிட்டாருன்னு எனக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் தெரியும். உங்களுக்குத்தான் இன்னும் அண்ணன் போகல. அவரு குரலுக்கு ஒரு வாய் வேணும்னு என்னைக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிய."

அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவனை அடித்துப்போட்டது. மீன் வாங்கிட்டுப் போங்க தம்பி என்று ஒரு துண்டை வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு வந்தான். சமைக்கவில்லை, பூனைக்குப் போட்டுவிட்டான்.

அன்று சாயங்காலமே அவன் வீட்டில் ஈர ஆணி வாடை வந்தது. கடல்காற்று என்றான். மறுநாள் காலையில் வாசற்படியில் செந்தூள் கிடந்தது. டியூஷன் பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டிக் குதித்து உள்ளே வந்தார்கள். முக்கோணம் முக்கோணமாக நெருக்கிப் போட்ட ஓர் உருண்டை. அவன் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினான். அடுத்த நாள் மத்தியானம் இரும்புதின்னி வந்து வாசலில் முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது. தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துகிற சத்தம் அவனுக்குக் கேட்டது. அவன் இரும்புப் பகடையைக் கைக்குள் பொத்திக்கொண்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து வெளியே மெத்தென்ற காலடிகள் எழுந்து விலகிப் போயின. பக்கத்து வீட்டிலிருந்து வழக்கப்படி டீ வந்தது. கொண்டுவந்த பெண் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொகுதூமும் வியாகுலமேரி அக்காவும் வந்தார்கள். காலி நாற்காலியை யாரும் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். பெர்க்மான்ஸ் பழக்கத்தில் அந்த நாற்காலிக்கு முன்னாலும் மூன்று கரண்டி சீனி போட்ட டீயை வைத்திருந்தான். ஆட்டம் தொடங்கப் பகடையை உருட்டினான். கடைந்த இரும்பு மரத்தில் உருள்கிற அந்தச் சத்தம், அண்ணன் முதல்முதலாக அதைக் கொண்டுவந்து, "பாருல, எவ்வளவு சுத்தமா உருளுதுன்னு" என்று உருட்டிக் காட்டிய அதே சத்தம். எத்தனையோ வருஷமாக அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு வரும். வாய்விட்டுச் சிரிக்கிற ரெஜீஸ் அண்ணன் சிரிப்பு. இப்போது பகடை உருண்டு நின்றது, சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதமும் வந்திருக்கவில்லை, தானேதான் மனசுக்குள் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவனுக்கு அப்போது உறைத்தது.

"என்ன எண் மக்கா?" என்று கேட்டான் மொகுதூம்.

"பாக்கல" என்றான் பெர்க்மான்ஸ். பகடையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

ஒருமுறை கதவைச் சாத்தின வீட்டுக்கு அது வராது. அப்படியானால் இவன்தான் போக வேண்டும். தெருத்தெருவாகத் தேடினான். கருவாடு காயவைக்கிற பெண்களிடம் கேட்டான், அவர்கள் மாடு தொலைந்தவனுக்கு வழி சொல்வதுபோலக் கடற்கரைப் பக்கம் கை காட்டினார்கள். பழைய படகுத்துறையில், கரையேற்றிப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் அது படுத்திருந்தது. ஊரிலுள்ள துக்கத்தையெல்லாம் தின்றும் விலா எலும்பு தெரிய மெலிந்திருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, முன்னங்காலை மடித்துக்கொண்டது.

பெர்க்மான்ஸ் பகடையை மணலில் வைத்தான், ஆனால் விரலை எடுக்கவில்லை. அதுவும் தொடவில்லை, பொறுத்திருந்தது. அலை வந்து போனது, வந்து போனது. "உன்னை நான் சரியா விடல" என்று அவன் அதனிடம் சொன்னான். "உனக்கு ஒரு முறை இருக்கு. அண்ணன் சொல்லித் தந்த முறை. நான் அதை மதிக்கல." அது மீசையை அசைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியது அது இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. கார்த்திகையில் சவப்பெட்டியைத் தோளில் தூக்கியபோதும், குழியில் மண் போட்டபோதும், முப்பதாம் நாள் பூசையிலும், இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவன் வாயால் சொல்லாத ஒரு வார்த்தை இருந்தது.

"அண்ணன் செத்துட்டாரு" என்றான். விரலை எடுத்தான்.

இரும்புதின்னி தலையைத் தாழ்த்தி மீசை நுனியால் தொட்டது. பகடை கொஞ்சம் சிவந்தது, ஓரம் மழுங்கியது, உதிர்ந்தது. அது சத்தம் போடாமல் தின்றது. தின்று முடித்து நகர்ந்தபோது, செந்தூளுக்கு நடுவில் அண்ணன் அடைத்த பித்தளை எண்கள் மட்டும் அரிசி அரிசியாக மின்னிக்கொண்டு கிடந்தன. பெர்க்மான்ஸ் மணலில் முழங்காலிட்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பொறுக்கும்போதுதான் அழுகை வந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அதுதானே மரியாதை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் வரும்வரை இரும்புதின்னி அந்த ஊரில் இருந்தது, பிறகு உப்பளங்கள் வழியாகத் தெற்கே போனது. இப்போது அங்கே ஏதோ ஒரு தெரு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு டீ போட்டுக்கொண்டிருக்கும்.

பெர்க்மான்ஸ் மறுபடி கிளாடிஸ் வீட்டுக்குப் போனான். உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்று, பித்தளை எண்களைக் காகிதத்தில் மடித்து அவளிடம் கொடுத்தான். அவள் பிரித்துப் பார்த்தாள். என்னவென்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அந்த ஞாயித்துக்கிழமையை மறுபடி நடத்துறேன் மதினி. முறையா நடத்துறேன். ஒரே ஒருதரம் வாங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

வந்தாள். கைப்பையிலிருந்து தன் டம்ளரை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெர்க்மான்ஸ் பெட்டிக்கடையில் வாங்கின ஒரு பிளாஸ்டிக் பகடையைப் பக்கத்தில் வைத்திருந்தான், ஆனால் அன்று அதை உருட்டவில்லை. சுரங்கத்தின் வாயிலில் நிற்கிறீர்கள் என்று தொடங்கினான். உள்ளேயிருந்து ஈர ஆணி வாடை வருகிறது என்றான். சுவரெல்லாம் செந்தூள் படிந்திருக்கிறது, தரையில் மெத்தென்ற காலடித் தடங்கள் இருக்கின்றன, திரும்பிப் போகிற பாதை உங்களுக்குப் பின்னால் திறந்தே கிடக்கிறது என்றான். பிறகு கேட்டான்.

"தாண்டவராயன் என்ன செய்யுறான்?"

"குனியுறான்" என்றாள் கிளாடிஸ். "வாளை ஒரு பாறைமேல வைக்கான். பிடி தன் பக்கம் இருக்கிற மாதிரி வச்சுட்டு, அப்புறம் பிடி அந்தப் பக்கம் போற மாதிரித் திருப்பி வைக்கான். இவ்வளவு நாள் கூட வந்தியேன்னு சொல்லுதான். கையை எடுக்கான்."

"அப்புறம்?"

"வீட்டுக்குப் போறான்."

பெர்க்மான்ஸ் தலையை ஆட்டினான். மொகுதூம்தான் மீதியைச் சொன்னான்: மிருகம் வந்தது, பொறுத்திருந்து தின்றது, வாளின் மரப்பிடியை மட்டும் பாறைமேல் வைத்துவிட்டுப் போனது.

வியாகுலமேரி அக்கா எழுந்து போய்த் தாண்டவராயனுக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக்கொண்டு வந்து, அண்ணன் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். நாலு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆவி அடங்கியது, மேலே ஆடை படிந்தது, கீழே தெருவில் யாரோ மீன் விலை சொல்லிக்கொண்டு போனார்கள். டீ ஆறிவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

கிளாடிஸ் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய், டீயைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். தன் டம்ளரையும் கழுவினாள். அதைக் கைப்பையில் போடாமல், மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தாள். படிவரைக்கும் போனவள் திரும்பி நின்றாள்.

"தம்பி, அடுத்த வாரம் எனக்கு அரைக் கரண்டி சீனி போதும். மூணு கரண்டி போட்டுக் குடிச்சது அவருதான். எனக்கு இனிப்பு ஆகாது."

இத்தனை மாதமும் அவள் முகம் சுளிக்காமல் குடித்த டீயையெல்லாம் நினைத்துக்கொண்டு பெர்க்மான்ஸ் அப்படியே நின்றான். பிறகு, "சரி மதினி" என்றான்.